ஒருவர் மட்டும் பறக்கும்போது

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். கடிதம் என்றால் அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும்? நான் உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்பு. மொத்தம் மூன்று வரி. "இது கடிதமா, தந்தியா?" என்று நீ கேட்டு எழுதியிருந்தாய்.

நீ அந்த ஊருக்குப் போய்ப் பதினேழு மாதம் ஆகிறது. போன மாதம் ஃபோன் செய்தபோது, "இனிமே ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. ஃபோன்ல நீங்க 'ம்' கொட்டறதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை" என்றாய். அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, வேலையாகத்தான் எழுதுகிறேன்.

உன் சக்களத்தி ஷெட்டில் நிற்கிறாள். நீ வைத்த பெயர்தான். விமானம் என்று சொன்னால் எனக்கே யாரையோ சொல்வது போல இருக்கிறது. நீ போன பிறகு அவளை நான் மேலே எடுக்கவில்லை. வாரம் ஒரு முறை என்ஜினைச் சுற்றிவிட்டு, மூடிவைத்துவிட்டு வருகிறேன். இந்த மார்ச்சோடு அவளுடைய தகுதிச் சான்றிதழ் முடிகிறது. 24ஆம் தேதி விமானத் துறை இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார். புது ஆள். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காகிதம் கேட்கிறார். என்ஜின் போடுவதிலிருந்து மேலே ஏறும்வரை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல் ஒன்று. எந்த வேகத்தில் ஏறுவது, எந்த வேகத்தில் இறங்குவது என்று அட்டை ஒன்று. இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது. நாற்பத்தைந்து வயது விமானத்துக்கு ஒரு தடவை சான்றிதழ் போனால் போனதுதான். அப்புறம் பழைய இரும்புக் கடை.

வண்டியோடு வந்த கையேட்டைப் போய்ப் பார்த்தேன். கரையான் தின்றுவிட்டது. பன்னிரண்டு பக்கப் புத்தகம், இப்போது அட்டையும் மண்ணும்தான்.

சரி, பதினோரு வருடம் ஓட்டியவனுக்குப் பட்டியல் எழுதத் தெரியாதா என்று நேற்று ஷெட்டில் இடது சீட்டில் உட்கார்ந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். வந்தது இதுதான்:

பிடிச்சிருக்கேன். திறந்தாச்சு. உள்ளே. ரெண்டு தடவை. ஆச்சு. ஏறுது. பூட்டியாச்சு. சரி. சரி. விழுது, ஆனா சரி. மேலே. போலாம்.

எதைப் பிடித்திருக்கிறேன், எதைத் திறந்தேன், எது விழுகிறது? எனக்குப் பதில்தான் தெரிகிறது, கேள்வி தெரியவில்லை. நீ கேட்டால் கை தானாகப் போகும். நீ கேட்காவிட்டால் மடியில் கிடக்கிறது. வேகமும் அப்படித்தான். நான் வெளியே ஓடுபாதையைப் பார்ப்பேன், நீ வேகமானி முள்ளைப் பார்த்து "குறையுது", "சரி", "அதிகம்" என்பாய். ஒரு எண்கூட எனக்குத் தெரியாது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கேள்விகளை எழுதி அனுப்புவாயா?

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரன்


பிப்ரவரி 10

அன்புள்ள கல்லுளிமங்கருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை பிழை பார்த்தேன். பிழை திருத்தியே வயிறு வளர்க்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஏழு பிழை. மூன்றாம் முறை அழுகை வந்தது, ஏன் என்று சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்லாமல் இருக்க நான் என்ன நீங்களா?

"பிடிச்சிருக்கேன், திறந்தாச்சு, சரி." இத்தனை பதில்! வீட்டில் நான் எத்தனை கேட்டிருப்பேன். சாப்பாடு எப்படி இருக்கு, ம். இந்தப் புடவை நல்லா இருக்கா, ம். எனக்கு உடம்பு முடியல, டாக்டர்கிட்ட போலாமா, ம். பிள்ளைகுட்டியும் இல்லாத வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்? சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வரும். நான் கேட்டு நீங்கள் ஒன்றுக்கு ஒன்று வாயைத் திறந்து பதில் சொன்ன ஒரே இடம் அந்த இரண்டு சீட்டுதான். அதற்காகத்தான் பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தேன். எனக்குப் பறக்கப் பிடிக்கும் என்றா நினைத்தீர்கள்? எனக்கு வயிற்றைப் புரட்டும். கடைவாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் அத்தனை கேள்வியும் கேட்பேன்.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தையல் கடைக்கு மேலே ஒரு அறை. பகலெல்லாம் கீழே மெஷின் ஓடும், தரை லேசாக அதிரும். கடை மூடினதும் அது நின்றுவிடும், அப்போதுதான் அறை பெரிதாகிவிடுகிறது. அச்சகத்தில் பள்ளிக்கூடத்து நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இப்போது எனக்கு மனப்பாடம்.

கேள்விகளைத் தருகிறேன். சும்மா தரமாட்டேன். மூன்று பகுதியாகத் தருவேன். ஒவ்வொரு பகுதிக்கும் நீங்கள் உங்கள் நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். விமானத்தைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. இதோ முதல் பகுதி, என்ஜின் போடும் முன்:

பிரேக்? (பிடிச்சிருக்கேன்)
பெட்ரோல் வால்வு? (திறந்தாச்சு)
பெட்ரோல்-காற்றுக் கலவைக் குமிழ்? (உள்ளே)
பிரைமர் பம்பு? (ரெண்டு தடவை)
முன்னாடி ஆள் யாரும் இல்லையே, கத்தியாச்சா? (ஆச்சு)
ஆயில் பிரஷர்? (ஏறுது)

கடைசியை என்ஜின் ஓட ஆரம்பித்த அரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வாயாடி


பிப்ரவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு பக்கம் கேட்டாய். இதோ.

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். டீ போட்டேன். பட்டறைக்குப் போனேன். இரண்டு தண்ணீர் மோட்டார் வந்தது. ஒன்றில் கம்பிச் சுருள் எரிந்திருந்தது. ஒன்றில் எலி. மதியம் சாப்பிட்டேன். மாலை வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். படுத்தேன்.

பக்கம் நிறையவில்லை. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

முதல் பகுதியை ஷெட்டில் போட்டுப் பார்த்தேன். நானே கேட்டு நானே சொன்னேன். வாட்ச்மேன் புல்லட் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான். புல்லட் என்று பெயர் வைத்தவனைத்தான் சொல்ல வேண்டும். கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடந்து வர அவனுக்குக் கால் மணி ஆகும்.

இரண்டாம் பகுதி எப்போது?

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


பிப்ரவரி 21

அன்புள்ள கல்லுளிமங்கருக்கு,

இது நாளைப் பற்றிய கடிதமா, மூன்றாம் வகுப்புப் பையனின் கட்டுரையா? "பல் தேய்த்தேன்"! நல்லவேளை, தேய்த்தீர்கள். எந்தக் கரண்டியால் சாப்பிட்டீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சாப்பிடும்போது என்ன நினைத்தீர்கள்? மனிதனுக்கு மண்டைக்குள் எதுவுமே ஓடாதா? எலி உள்ளே போனது உங்களுக்குச் சிரிப்பாக இருந்ததா, பாவமாக இருந்ததா?

நியாயமாகப் பார்த்தால் இரண்டாம் பகுதியைத் தரக்கூடாது. போனால் போகிறது, புல்லட்டுக்காகத் தருகிறேன். ஓடுபாதைக்குப் போகும் முன்:

கதவு? (பூட்டியாச்சு)
கைப்பிடி நாலு பக்கமும் தடையில்லாம திரும்புதா? (சரி)
டிரிம் சக்கரம்? (சரி)
இடது மேக்னெட்டோ, வலது மேக்னெட்டோ? (விழுது, ஆனா சரி)
இறக்கை ஃபிளாப்? (மேலே)

தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக மாற்றும்போது என்ஜின் சுற்று கொஞ்சம் விழும். நீங்கள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் "ஆனா சரி" என்பீர்கள். அந்த "ஆனா" எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் ஒரு நாள் ஒரு "ஆனா" சொல்லியிருந்தால் போதும், நாம் நாலு நாள் அதை வைத்துச் சண்டை போட்டிருப்போம். சண்டைக்குக்கூட ஆள் கிடைக்கவில்லையே எனக்கு.

இப்படிக்கு,
வாயாடி


பிப்ரவரி 28

அன்புள்ள வாயாடிக்கு,

எலி பாவமாக இருந்தது. உள்ளே காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது. மோட்டார்க்காரர் சீக்கிரம் முடியுங்கள் என்று நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டைக் கலைக்காமல் எடுத்துப் பட்டறைப் பின்புறம் வைத்துவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. எழுதுகிற விஷயம் என்று தோன்றவில்லை.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டாய். உட்காருவதில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, குக்கரிலேயே பிசைந்து சாப்பிட்டுவிடுகிறேன். மேஜையில் உட்கார்ந்தால் எதிரில் உன் நாற்காலி. அதை வேறு அறைக்கு நகர்த்திப் பார்த்தேன். அப்போது அந்த இடம் இன்னும் மோசமாக இருந்தது. திரும்பக் கொண்டுவந்து போட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு சத்தமும் வராது. நீ இருந்தபோது குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், ரேடியோ, அதற்கு மேல் உன் சத்தம். வந்ததும் ஒரு நிமிடம் அமைதியாக இருக்கமாட்டாளா என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன். இப்போது நானே ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறேன், வரும்போது ஏதாவது கேட்கட்டும் என்று. செய்தி வாசிக்கிறவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்பதில்லை, அதுதான் குறை.

உனக்கு உடம்பு முடியாமல் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதை எழுதியிருந்தாய். எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நான் பயந்துபோயிருந்தேன். பயந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அதை நீ அலட்சியம் என்று நினைத்தாய் என்று இப்போது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. முப்பது வருடமாக இந்த ஒன்றை நான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

பக்கம் நிறைந்துவிட்டது. எழுத்து சின்னதாகத்தான் இருக்கிறது, பார்.

உன்,
பட்டறைக்காரன்


மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அச்சகத்துக்கு எடுத்துப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி படித்தேன். பக்கத்து மேஜைப் பெண், "என்னக்கா, லவ் லெட்டரா?" என்றாள். "போடி வேலையைப் பாத்துக்கிட்டு" என்றேன். ஆனால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்.

பிழை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திருத்தவில்லை.

மூன்றாம் பகுதி வேகங்கள். அதை நான் எழுதித் தரமாட்டேன். முள் எங்கே நிற்கும் என்பது என் கண்ணில் இருக்கிறது, எண்ணாக இல்லை. ஞாபகத்திலிருந்து ஒன்றைக் கிறுக்கி அனுப்பி, அது தப்பாகப் போனால்? உயிர் விஷயம். அதனால் நேரில் வந்து, முள்ளைப் பார்த்து, எண்ணைக் குறித்துத் தருகிறேன். அச்சகத்தில் 21ஆம் தேதியிலிருந்து நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன், கொடுத்துவிட்டார்கள். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஒரு சுற்று போவோம்.

லீவு நாலு நாள்தான். அதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள். வந்து பார்க்கிறேன். ஒருவேளை என் நாற்காலி இன்னும் என்னைத் தாங்குமா என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

குக்கரிலேயே சாப்பிடாதீர்கள். தட்டு எதற்கு இருக்கிறது?

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். ஜன்னல் துணியைத் துவைத்தேன். சாயம் போய்விட்டது, நீ வந்து திட்டு.

இன்னொரு நல்ல செய்தி. நீ வரும்போது முள்ளைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நம்முடையது மாதிரியே ஒரு வண்டி வைத்திருக்கிறவர் ஒருவர், அவருடைய கையேட்டின் வேகப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பினார். அவருடையது நம்முடையதைவிட ஆறு வருடம் புதியது. அதே கம்பெனி, அதே இறக்கை, அதே என்ஜின். அதைப் பார்த்து அட்டையை எழுதிவிட்டேன்:

ஏறும் வேகம் 67
என்ஜின் நின்றால் சறுக்கும் வேகம் 60
இறங்கும் வேகம் 60

நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பிழை பார்த்து வை. நீ வரும்போது எல்லாம் சுத்தமாக, தயாராக இருக்க வேண்டும் என்று ஆசை. வெள்ளிக்கிழமை 13ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் மட்டும் ஒரு சுற்று போய் இந்த எண்களில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். கையும் பழக்கம் விட்டுப் போயிருக்கிறது. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடுமாறினால் அசிங்கம்.

ஜன்னல் துணிக்கு என்ன நிறம் வாங்கட்டும்?

உன்,
பட்டறைக்காரன்


மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள வாயாடிக்கு,

நாம் ஃபோனை வைத்து மூன்று மணி நேரம் ஆகிறது. இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

புல்லட் ஓடி வந்தான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் என்ஜினைப் போட்டு, உன் கேள்விகளை வரிசையாகச் சொல்லி, ஓடுபாதை முனைக்குப் போய்த் திரும்பி நின்றிருந்தேன். கையைக் காலை ஆட்டிக்கொண்டு நேராக முன்னாலேயே ஓடி வருகிறான், விசிறி சுற்றுவதைக்கூடப் பார்க்காமல். என்ஜினை நிறுத்தினேன். மூச்சிரைக்க ஃபோனை நீட்டி, "அம்மா... லைன்ல... ஏறாதீங்கன்னு..." என்றான்.

நீ சொன்ன பிறகு நகலை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னபடிதான். மேல் ஓரத்தில், நகல் எடுத்ததில் பாதி வெட்டுப்பட்ட எழுத்தில், எல்லா எண்ணும் நாட் கணக்கு என்று இருக்கிறது. அதாவது கடல் மைல். நம் வண்டியின் டயல் சாதாரண மைல். அறுபது நாட் என்றால் நம் டயலில் அறுபத்தொன்பது. நான் அறுபதில் இறங்கியிருப்பேன். கடைசித் திருப்பத்தில் இறக்கையைச் சாய்க்கும்போது அவள் காற்றில் நிற்காமல் தலைகுப்புறப் போயிருப்பாள். அந்த உயரத்திலிருந்து மீட்க முடியாது. முப்பது வருடம் மோட்டாரில் கை வைத்தவன், அளவுக்கு என்ன அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நீ ஃபோனில் அழுதாய். நான் "ம்" என்றேன். அப்புறம் "சரி" என்றேன். எனக்குத் தெரியும். உள்ளே என்ன ஓடியது என்று எழுதுகிறேன். நான் செத்திருந்தால் ஜன்னல் துணி நிறம் கேட்ட கடிதம்தான் உனக்கு என் கடைசிக் கடிதமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நீ இருப்பதால்தான் நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

22ஆம் தேதிக்குக் காத்திருக்கிறேன். நீ வராமல் அவளைத் தொடமாட்டேன்.

உன்,
பட்டறைக்காரன்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

நான் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கிளம்பும்போது தபால்காரர் கொடுத்த உங்கள் கடிதத்தை ஒன்பதரைக்கு என் மேஜையில் பிரித்தேன். எண்ணைப் பார்த்ததுமே கண் உறுத்தியது. இறங்கும்போது முள் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட எழுத்துகளைப் படிப்பதுதானே என் பிழைப்பு. மணி ஒன்பது ஐம்பது. உங்கள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. விமானத் திடல் நம்பர் என்னிடம் இல்லை. எங்கெங்கோ கேட்டு வாங்கி, வாட்ச்மேனிடம் கத்தி, அவர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அச்சகத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

அப்புறம் நீங்கள் லைனில் வந்தீர்கள். நான் என்னென்னவோ சொன்னேன். "கேக்குதா?" என்றேன். ம். "ஏறமாட்டீங்கல்ல?" சரி. அப்புறம் நான் பேசவில்லை. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். காற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம் "வெச்சுடட்டா?" என்று கேட்டீர்கள்.

பக்கத்து மேஜைப் பெண், "சார் என்னக்கா சொன்னாரு?" என்று ஆவலாகக் கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதில் இருக்கிறது எல்லாம். நான் கேட்க ஆசைப்பட்டதற்கு மேலேயே இருக்கிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது என்றால் வந்திருக்கும். ஆனால் நான் முப்பது வருடம் அந்தத் தொண்டைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். கடிதத்தில் வருகிறவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவரோடு குடித்தனம் நடத்த முடியாதே. நான் வந்தால் ஒரு வாரத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள், பக்கத்து அறையில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? மறுபடி நான் சாப்பாடு எப்படி இருக்கு என்று கேட்க வேண்டும். எனக்கு அதற்குத் தைரியம் இல்லை. கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. களைத்துப் போய்விட்டேன்.

ஆனால் நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்கு இந்தப் பட்டியல் போதாது. வெள்ளிக்கிழமை இரவெல்லாம் இதைத்தான் யோசித்தேன். நான் எழுதித் தந்தது ஒருவர் கேட்டு ஒருவர் சொல்வது. தனியாக இருப்பவர் அதை வைத்துக்கொண்டு பறக்கக் கூடாது. பாதி வேலை கேட்கிறவரிடம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் திருப்பி எழுதி, அச்சகத்திலேயே அச்சுக் கோத்து, கெட்டி அட்டையில் எடுத்திருக்கிறேன். கேள்விக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வரி. தலைப்பு, "ஒருவர் மட்டும் பறக்கும்போது". நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் வரியாக்கியிருக்கிறேன். பதினாறாவது வரி புதிது. முன்பு அது தேவைப்படவில்லை.

வேகங்களை நீங்களே கண்டுபிடியுங்கள். இனாமாக யாரிடமிருந்தும் எண் வாங்காதீர்கள். நல்ல உயரத்துக்குப் போய், என்ஜினைக் குறைத்து, மெதுவாக மூக்கைத் தூக்கி, அவள் எந்த எண்ணில் நடுங்குகிறாள் என்று நம் டயலிலேயே பாருங்கள். மூன்று தடவை. அதிலிருந்து கணக்குப் போடுங்கள். இறங்கும்போது முள் எழுபதுக்குக் கீழே போய் நான் பார்த்த ஞாபகம் இல்லை. இது ஞாபகம்தான், உறுதி இல்லை.

எனக்கு எழுதுங்கள், படிப்பேன். பதில் எதிர்பார்க்காதீர்கள்.

தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் வராது என்று தெரிந்து எழுதுவது எனக்குப் புதிதாக இருக்கிறது. உனக்கு முப்பது வருடம் இப்படித்தான் இருந்திருக்கும்.

நேற்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார், மறுபடி கீழிருந்து மேலே படித்தார். "யாரு எழுதினது? ஒரு பிழை இல்லை" என்றார். "வீட்டுல எழுதிக் கொடுத்தாங்க" என்றேன். "குடுத்து வெச்சவருய்யா நீர்" என்றார். நான் தலையாட்டவில்லை. "ஆமா சார். அவங்க இப்ப என்னோட இல்லை. நான் பேசாம இருந்தே அவங்களை அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வாயைவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, முத்திரையைத் தேடினார்.

வேகங்களை ஞாயிற்றுக்கிழமை, 22ஆம் தேதி எடுத்தேன். நீ வர வேண்டிய நாள். மூவாயிரம் அடிக்கு ஏறினேன். பலகையைத் தொடையில் கட்டி, பென்சிலை நூலில் கட்டியிருந்தேன். என்ஜினைக் குறைத்து மூக்கைத் தூக்கினால் முள் இறங்குகிறது, முதலில் ஊதல் சத்தம், அப்புறம் கைப்பிடி தளர்ந்து உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். ஐம்பத்தைந்து. மூன்று தடவையும் அதுவே. பிறகு என்ஜினை முழுக்கக் குறைத்துச் சறுக்கவிட்டு, ஐந்நூறு அடி இறங்க எத்தனை விநாடி என்று பார்த்தேன். அறுபதில் நாற்பத்தைந்து விநாடி, அறுபத்தைந்தில் நாற்பத்து நான்கு, எழுபதில் நாற்பத்திரண்டு, எழுபத்தைந்தில் முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினேன். எழுபதில்தான் அதிக தூரம் போகிறாள். ஏறும் வேகத்தையும் இதே மாதிரி விநாடி பார்த்து எடுத்திருந்தேன்; இறங்கவும் எழுபதுக்குக் கீழே கூடாது என்று அட்டையில் போட்டேன். உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. எண்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் "மைல்" என்று எழுதியிருக்கிறேன்.

இறங்கும்போது நானே முள்ளைப் பார்த்தேன். முதல் தடவை ஓடுபாதையைத் தவறவிட்டு மறுபடி சுற்றி வந்தேன். இரண்டாம் தடவை சரியாக வைத்தேன். புல்லட் கை தட்டினான்.

ஒன்றை மட்டும் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். அன்றைக்குக் கிளம்பும் முன், உன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து, செய்து, அடுத்ததற்குப் போனேன். பதினாறாவது வரி வந்தது. "பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதன் பெல்ட்டைப் பூட்டி, தளர்வில்லாமல் இழுத்து விடவும். தளர்ந்த பெல்ட் அந்தப் பக்கத்துக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும்." பூட்டினேன். தளர்வாக நின்றது. நீ கடைசியாக உட்கார்ந்தபோது வைத்த அளவு அது. நீ போன பிறகு யாரும் அதில் உட்காரவில்லை, யாரும் தொடவும் இல்லை. ஆள் இல்லாமலே உன் இடுப்பு அளவுக்கு வளைந்து நின்றது. இழுத்தால் அந்த அளவு போய்விடும். இழுக்காவிட்டால் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. புல்லட் வெளியிலிருந்து, "சார், கிளம்பலியா?" என்றான்.

முழுக்க இழுத்தேன். சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பதினேழாவது வரியைப் படித்தேன்.

உன்,
பட்டறைக்காரன்